கிரவல் ரோட்டு என்றால் பின்தங்கிய ஊர் என்று அர்த்தமில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. முசலிப் பிரதேசப் பெற்றோர்களும் இளைஞர்களும் பொறுமையாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

தேர்தல் வந்தால் நாம் கேட்பதும் கார்பட் ரோட்டு, வருகிறவர்கள் தருவதாகச் சொல்வதும் கார்பட் ரோட்டு. மன்னாரிலிருந்து சிலாவத்துறைக்கு வரும் பிரதான வீதி கார்பட் ஆனது நல்ல விடயம். நோயாளியை ஏற்றிக்கொண்டு பள்ளத்திலும் மேட்டிலும் போன காலம் யாருக்கும் மறக்காது. ஊருக்குள் வீடுகள் உள்ள வீதிகளும் திருத்தப்பட வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் வாய்க்கால் கரை, குளக்கட்டு, வயலுக்குப் போகும் பாதை, கடற்கரை வாடிக்குப் போகும் பாதை என்று எல்லாவற்றுக்கும் கார்பட் கேட்கிறோமே, அது தேவைதானா? என் கருத்து, தேவையில்லை. அவற்றில் சிலதைத் தெரிவு செய்து, கிரவலாகவே வைத்து, ஒழுங்காகச் செப்பனிட்டு, சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டுவிட வேண்டும். டிப்பரும் குறுக்கு வழி தேடி வேகமாக வரும் வாகனங்களும் அதில் நுழையக் கூடாது.

முதல் காரணம் எமது பிள்ளைகள்.

ரோட்டு நன்றானால் வேகம் கூடும். பிரதான வீதியில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். மணல் டிப்பர், பஸ், மோட்டார் சைக்கிள், அவற்றுக்கு ஓரமாகப் புத்தகப் பையோடு பிள்ளைகளின் சைக்கிள். ஒரு டிப்பர் உரசிக்கொண்டு போனால் அடுத்த நாளே வாப்பா மகளின் சைக்கிளை நிறுத்தி விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு வேனுக்கும் த்ரீவீலுக்கும் மாதாமாதம் காசு வேண்டும். காசு இல்லாத வீட்டில் பிள்ளை வகுப்புக்கு வருவது குறைகிறது. மாலை மேலதிக வகுப்பை முதலில் விடுவதும் பெண் பிள்ளைகள்தான். 2022இல் பெற்றோல் வரிசையில் நாள் கணக்கில் நின்ற நாட்டில் இருந்துகொண்டு, சைக்கிளைப் பிள்ளைகளிடமிருந்து பறிப்பது புத்திசாலித்தனமா?

இரண்டாவது காரணம் எமது மண்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு இருபது வருடம் புத்தளத்தில் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள் நாம். திரும்பி வந்தபோது பாதைகளைக் காடு மூடியிருந்தது. கண்ணிவெடி அகற்றிய பிறகே பல இடங்களில் கால் வைத்தோம். இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு பஸ் ஜன்னலால் தெரிகிற ஊர்தான் ஊர். எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்குப் போகிறது, எந்தத் துறையில் யார் இறங்கினார்கள் என்று தெரியாது. அதைப் புத்தகத்தால் மட்டும் சொல்லிக் கொடுக்க முடியாது.

சிலாவத்துறையிலிருந்து அரிப்புக்குச் சைக்கிளில் போவது ஒரு பெரிய தூரமே இல்லை. அந்தச் சிறிய தூரத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அல்லிராணி கோட்டை என்று நாம் சொல்லிப் பழகிய, கடல் அரித்துக்கொண்டிருக்கும் செங்கல் சுவர்கள், உண்மையில் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய டொரிக் மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வந்து தங்குவதற்காகவே அவர் அதைக் கட்டினார். முத்துக்குளிப்புக் காலத்தில் கீழக்கரையிலிருந்தும் அரபு வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகள் இந்தக் கரைக்கு வந்தார்கள். சலாபத்துறை என்பதே சிலாவத்துறை ஆனது என்று பெரியவர்கள் சொல்வதும் அதனால்தான். லெனார்ட் வூல்ப் என்ற எழுத்தாளர் 1906இல் ஓர் இளம் அரச அதிகாரியாக மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில் வேலை செய்தவர்.

அரிப்பில் பழைய கோட்டை இருக்கிறது. கண்டி மன்னனின் பிடியில் பத்தொன்பது வருடம் இருந்த ரொபர்ட் நொக்ஸ் தப்பி, அருவி ஆற்றின் போக்கைப் பிடித்துக் காட்டு வழியே நடந்து, 1679இல் ஒல்லாந்தரிடம் வந்து சேர்ந்தது அந்தக் கோட்டைக்குத்தான். ஆற்றைத் தாண்டி வடக்கே வங்காலை. அங்குள்ள சரணாலயம் 2010இல் றாம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பருவத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் இடம்.

இதையெல்லாம் வாகனத்தில் போனால் பத்து நிமிடத்தில் கடந்து விடுவோம். நடந்தால் வெயில் தாங்காது. சைக்கிள்தான் இதற்குச் சரியான வேகம். நினைத்த இடத்தில் காலை ஊன்றி நின்று பார்க்கலாம்.

மூன்றாவது காரணம் வருமானம்.

இங்கிலாந்தின் கோர்ன்வோலில் கேமல் ட்ரெயில் என்று ஒரு பாதை இருக்கிறது. 1967இல் பயணிகள் ரயில் நின்றுபோன பழைய தண்டவாளப் பாதை அது. இன்று ஆற்றோரமாகவும் கழிமுகத்தோரமாகவும் மோட்டார் வாகனம் இல்லாமல் சுமார் 29 கிலோமீற்றர் போகிறது. சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகளும் தேநீர்க் கடைகளும் அதை நம்பியே நடக்கின்றன. எமக்குப் பெரிய ஹோட்டல் வேண்டாம். சைக்கிளில் வருகிறவருக்குத் தண்ணீர் வேண்டும், சாப்பாடு வேண்டும், காற்றுப் போனால் ஒட்டித் தர ஒரு கடை வேண்டும். அந்தக் காசு நேராக ஊர் வீட்டுக்கு வரும். காரில் வருகிறவர் படம் எடுத்துவிட்டு மன்னாருக்குப் போய்த்தான் சாப்பிடுகிறார்.

இனி வரும் கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன்.

"மாரியில் சேறாகுமே?" ஆகும். கிரவலைக் கொட்டி விட்டுப் போனால் ஒரு மழைக்குக் கழுவுப்படும். நடுவை உயர்த்தி இரு பக்கமும் தண்ணீர் வடிய வழி வைத்து, இறுக்கமாக உருளை போட்டு, மாரி முடிந்ததும் வருடம் ஒரு முறை திருத்தினால் நிற்கும். பாதையை உடைப்பது மழையை விடப் பாரம் ஏற்றிய டிப்பர்தான்.

"விவசாயி என்ன செய்வது?" வயலுக்குப் போகும் லேண்ட் மாஸ்டரும் டிராக்டரும் கட்டாயம் போக வேண்டும். வாடிக்கு மீன் ஏற்றும் வண்டியும் அப்படித்தான். அவை மெதுவாகப் போகிறவை, ஓட்டுபவரும் எமது ஆள். அவர்களைத் தடுத்து ஒரு பாதையை உருவாக்கினால் அது ஒரு மாதம் கூட நிலைக்காது.

"பெண் பிள்ளைகள் தனிப் பாதையில் போவது பாதுகாப்பா?" நியாயமான கேள்வி. அதனால்தான் ஊருக்கும் வயலுக்கும் நடுவே, ஆள் நடமாட்டம் உள்ள பாதைகளை முதலில் எடுக்கச் சொல்கிறேன். கூட்டமாகப் போகட்டும். காலையும் பாடசாலை விடும் நேரமும் வயலில் ஆட்கள் இருக்கிறார்கள்.

"யானை?" காட்டை அண்டிய பாதைகளை இதில் சேர்க்கவே கூடாது. வில்பத்துப் பக்கம் இந்தப் பேச்சுக்கு வெளியே. கடற்கரையும் வயல்வெளியுமே போதும்.

செலவும் பெரிதல்ல. புதிதாகக் காணி எடுக்கத் தேவையில்லை. அகத்திமுறிப்பு வாய்க்கால் கரைகளில் ஒன்றையும் கடற்கரைப் பக்கம் ஒரு பாதையையும் முதலில் தெரிவு செய்வோம். வாய்க்கால் கரைக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் சம்மதமும், மற்றதற்குப் பிரதேச சபையின் தீர்மானமும் வேண்டும். டிப்பர் நுழையாதபடி பாரத் தடை போட வேண்டும். டொரிக்கையும் கோட்டையையும் பற்றித் தொல்பொருள் திணைக்களத்திடம் பேச வேண்டும். ஏனென்றால் பாதை மட்டும் இருந்து, பார்க்க வேண்டிய சுவரைக் கடல் கொண்டு போனால் என்ன பயன்?

இது ஒரு சமூகத்தின் கோரிக்கையாகப் போகக் கூடாது. எமது பள்ளி நிர்வாகங்களும் அரிப்பு, வங்காலைக் கத்தோலிக்கச் சகோதரர்களின் பங்குச் சபைகளும் விவசாய, மீனவர் சங்கங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தப் பாதை எல்லோருடைய ஊருக்கும் ஊடாகத்தான் போகிறது.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர் "உங்களுக்கு எத்தனை கிலோமீற்றர் கார்பட் வேண்டும்?" என்று கேட்பார். தேவையானதைச் சொல்லுங்கள். கூடவே, "பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட எத்தனை கிலோமீற்றர் தருவீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் ஊரில் எந்தப் பாதை இதற்குப் பொருத்தம் என்று கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்த்து ஒரு பட்டியலாக்குவோம்.