செப்டம்பர் மழையும் தில்லியின் பழைய நாட்காட்டியும்

புது தில்லி: செப்டம்பர் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவமழை மூட்டை கட்டத் தொடங்கிவிடும் என்பது தலைநகரின் அரசு அலுவலகங்களில் நெடுங்காலமாக ஊறிப்போன கணக்கு. மேற்கு ராஜஸ்தானிலிருந்து செப்டம்பர் 1-ம் தேதி பருவமழை பின்வாங்கத் தொடங்கும் என்றே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பழைய அட்டவணை கூறி வந்தது. அணைகளை எப்போது நிரப்புவது, காரீப் அறுவடையை எப்போது எதிர்பார்ப்பது, வெள்ளத் தடுப்புப் பணிகளை எப்போது முடித்துக்கொள்வது என்பன எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்தக் கணக்கைச் சார்ந்தே அமைந்தன.

2019-ம் ஆண்டில் அந்தக் கணக்கு 38 நாள்கள் தவறியது. மழை பின்வாங்கத் தொடங்கியது அக்டோபர் 9-ம் தேதிதான். அதற்கு முன்பு பதிவான மிகத் தாமதமான தொடக்கம் 1961-ல், அக்டோபர் 1-ம் தேதி. அந்த ஒரு மாதத்தில் நாட்டின் பல பகுதிகளில் நேர்ந்தவற்றை இன்று திரும்பிப் பார்ப்பது பழங்கதை பேசுவதற்காக அல்ல. அதற்குப் பிறகு வந்த செப்டம்பர்களிலும் ஏறக்குறைய அதே கேள்விகள் எழுந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் காரணம்.

ஒரே ஆண்டில் இரண்டு முகம்

அந்த ஆண்டின் தொடக்கம் வறட்சியை நினைவூட்டியது. ஜூன் மாத மழை சராசரியை விட 33 சதவீதம் குறைவு. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது ஜூலை மாதத்தில்தான். வறட்சி நிவாரணம் பற்றிய பேச்சு மாநிலத் தலைநகரங்களில் தொடங்கிவிட்ட நேரத்தில் காட்சி மாறியது. ஜூலையில் மழை சராசரியைத் தாண்டியது. ஆகஸ்டில் 15 சதவீதம் கூடுதல். செப்டம்பரில் 52 சதவீதம் கூடுதல். 1917-ம் ஆண்டுக்குப் பிறகு செப்டம்பரில் நாடு இவ்வளவு மழையைக் கண்டதில்லை.

பருவம் முழுவதற்குமான மழை சராசரியில் 110 சதவீதம் என முடிந்தது. 1994-க்குப் பிறகு இதுவே மிக அதிகம். ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய இரு மாதங்களில் மழை சராசரி அளவில் இருக்கும் என்றுதான் ஆகஸ்ட் தொடக்கத்தில் வானிலைத் துறை கணித்திருந்தது. பெய்ததோ சராசரியை விட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தை விட வெப்பமாகவும், இந்தோனேசியாவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ச்சியாகவும் இருந்த நிலை அந்த ஆண்டு மிக வலுவாக அமைந்தது. வங்கக் கடலிலிருந்து அடுத்தடுத்து வந்த காற்றழுத்தத் தாழ்வு நிலைகளும் அதனுடன் சேர்ந்துகொண்டன.

தேசிய சராசரி என்பது தில்லியில் கோப்புகளுக்கு வசதியான ஓர் எண். அதே பருவத்தில் மத்திய இந்தியாவில் மழை சராசரியை விட 29 சதவீதம் கூடுதல். வடகிழக்கில் 12 சதவீதம் குறைவு. மத்தியப் பிரதேசம் மூழ்கியபோது ஹரியாணாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் தலைநகர் தில்லியிலும் பற்றாக்குறை நீடித்தது. 110 சதவீதம் என்ற எண் இவர்களில் எவருடைய அனுபவத்தையும் சொல்லவில்லை.

நிரம்பிய அணைக்கு மேல் மழை

செப்டம்பர் மழையின் கொடுமை அதன் அளவில் மட்டும் இல்லை. அது வந்து சேரும் நேரத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் அணை காலியாக இருக்கும். எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொள்ளும். பருவம் முடியும்போது அணை நிரம்பியிருக்க வேண்டும் என்பது பாசனத் துறையின் எதிர்பார்ப்பு. நிரப்பாமல் விட்டு, மழையும் பொய்த்துவிட்டால் ராபி சாகுபடிக்குத் தண்ணீர் இல்லை என்று பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே செப்டம்பர் நடுப்பகுதியில் பெரும்பாலான அணைகளில் வெள்ளத்தைத் தாங்க இடம் மிஞ்சுவதில்லை.

சம்பல் நதியில் 2019 செப்டம்பர் நடுப்பகுதியில் நடந்தது இதுதான். மால்வா பீடபூமியில் கொட்டிய மழை மந்த்சௌர் மாவட்டத்தில் உள்ள காந்தி சாகர் அணைக்குப் பாய்ந்தது. நீர்மட்டம் முழு அளவான 1,312 அடியைத் தாண்டியது. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் நீமச் மாவட்டத்தின் ராம்புரா நகருக்குள் புகுந்தது. கீழே ராஜஸ்தானில் ராணா பிரதாப் சாகர், ஜவாஹர் சாகர், கோட்டா தடுப்பணை என ஒன்றன்பின் ஒன்றாக மதகுகளைத் திறக்க வேண்டியதாயிற்று. கோட்டாவின் தாழ்வான குடியிருப்புகள் மூழ்கின. மேல் அணையும் கீழ் அணைகளும் வெவ்வேறு மாநிலங்களில் இருக்கும்போது, எவ்வளவு நீரை எப்போது விடுவது என்பது பொறியியல் கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. முன்கூட்டியே திறந்துவிட்டால் நீர் வீணானது என்ற பழி மேலே உள்ளவருக்கு. கடைசி நேரத்தில் திறந்தால் வெள்ளம் கீழே உள்ளவருக்கு.

நர்மதையில் வேறொரு காட்சி. சர்தார் சரோவர் அணை முதன்முறையாகத் தனது முழு மட்டமான 138.68 மீட்டரை எட்டியதை ஒட்டி, செப்டம்பர் 17-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி கேவடியாவில் நர்மதைக்குப் பூஜை செய்தார். அதே நாள்களில் அணைக்கு மேற்புறம், மத்தியப் பிரதேசத்தின் பர்வானி, தார் மாவட்டக் கிராமங்களில் மறுவாழ்வு முழுமை பெறாத குடும்பங்களின் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சமூகப் போராளி மேதா பட்கர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் உண்ணாவிரதம் இருந்து முடித்திருந்தார். அணை மிக விரைவாக நிரப்பப்படுகிறது என்று அப்போதைய மத்தியப் பிரதேச அரசு ஆட்சேபித்தது. வறண்ட மாவட்டங்களுக்கு நீர் கிடைக்கிறது என்று குஜராத் மகிழ்ந்தது. இரண்டுமே உண்மை. நிரம்புவதற்காகவே கட்டப்பட்ட அணை நிரம்பியதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மதகுகளை மூட அனுமதி தந்த பிறகு, மறுவாழ்வுப் பணியை முடிக்கக் கிடைத்த காலம் சிறிதல்ல.

துணை முதல்வரும் படகில்

மாதத்தின் கடைசி வாரம் நகரங்களுக்கு வந்தது. செப்டம்பர் 25-ம் தேதி இரவு புணேயில் சில மணி நேர மழையில் அம்பில் ஓடை கரை புரண்டு, சுவர்களும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. புணே நகரிலும் சுற்றுப்புறத்திலுமாக 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓடையின் பாதை ஆண்டுக்கு ஆண்டு குறுகி வந்ததை ஊரே அறியும்.

அடுத்து பாட்னா. செப்டம்பர் 27 முதல் பெய்த மழையில் பிகார் தலைநகரின் ராஜேந்திர நகரும் கங்கட்பாகும் குளங்களாயின. ராஜேந்திர நகரில் தமது வீட்டில் சிக்கிக்கொண்ட அப்போதைய துணை முதல்வர் சுஷில்குமார் மோடியைக் குடும்பத்துடன் மீட்புப் படையினர் 30-ம் தேதி வெளியே அழைத்து வந்தனர். மாநிலத்தின் இரண்டாவது பெரிய பதவியில் இருப்பவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களின் பாடு சொல்லத் தேவையில்லை. விமானப் படை ஹெலிகாப்டர்கள் நகரின் நடுவே உணவுப் பொட்டலங்களைப் போட்டன.

பாட்னாவின் சிக்கல் அதன் இருப்பிடத்திலேயே உள்ளது. வடக்கே கங்கை, தெற்கே புன்புன், மேற்கே சோன் என ஆறுகள் சூழ, நகரின் பெரும்பகுதி கிண்ணம் போலத் தாழ்ந்து கிடக்கிறது. மழைநீர் தானாக வடியாது. நீரேற்று நிலையங்கள் இறைத்து வெளியேற்ற வேண்டும். பருவத்தின் முடிவில் கங்கையே நிரம்பி ஓடும்போது இறைத்த நீர் வெளியேறுவதும் கடினம். அந்த நேரத்தில் நீரேற்று நிலையங்கள் பல இயங்கவில்லை. மழை நின்று ஒரு வாரம் கடந்தும் சில பகுதிகளில் தண்ணீர் நின்றது. அதைத் தொடர்ந்து டெங்கு வந்தது. கனமழை எச்சரிக்கை விடப்படாமல் இல்லை. எச்சரிக்கையைக் கேட்டு இயங்க வேண்டிய இயந்திரம்தான் ஓய்வில் இருந்தது.

வெங்காயமும் சோயாவும்

நகரங்களின் வெள்ளம் படகுகளால் படமாகிறது. வயலின் வெள்ளம் அப்படிப் படமாவதில்லை. செப்டம்பர் கடைசியில் மால்வாவில் சோயா மொச்சை அறுவடைக்கு நிற்கும். அப்போது நாள்கணக்கில் மழை பெய்தால் விதை காயிலேயே முளைவிடும். அறுத்துப் போட்டது வயலிலேயே அழுகும். ஜூன் மாதத்தில் மழை இன்றி விதைப்பைத் தள்ளிப்போட்ட விவசாயி, நான்கு மாதச் செலவையும் செய்து முடித்த பிறகு விளைச்சலை இழக்கிறார். தொடக்கத்திலேயே வறட்சி கண்டவருக்கு விதையோடு போகும். இவருக்கு உரம், மருந்து, கூலி அனைத்தும் போகின்றன.

மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் காரீப் வெங்காயம் இந்த மழையில் சிக்கியது. தில்லி இதை உடனே உணர்ந்தது. ஏனெனில் வெங்காய விலை அரசுகளைக் கவிழ்க்கும் என்ற பாடத்தைத் தலைநகர் 1998-லேயே படித்துவிட்டது. செப்டம்பர் 13-ல் ஏற்றுமதிக்கு டன்னுக்கு 850 டாலர் குறைந்தபட்ச விலை விதிக்கப்பட்டது. 29-ல் ஏற்றுமதிக்கே தடை வந்தது. வியாபாரிகளின் இருப்புக்கும் வரம்பு வந்தது. மகாராஷ்டிரத்திலும் ஹரியாணாவிலும் சட்டப்பேரவைத் தேர்தலுக்கு மூன்று வாரங்களே இருந்தன. தடையால் வங்கதேசமும் தவித்தது. அக்டோபர் தொடக்கத்தில் தில்லி வந்த அந்நாட்டின் அப்போதைய பிரதமர் ஷேக் ஹசீனா, வெங்காயம் இல்லாமல் சமைக்கும்படி தமது சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாக மேடையிலேயே வேடிக்கையாகக் குறிப்பிட்டார். ஆண்டு இறுதியில் பல நகரங்களில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதி வெங்காயம் வந்து இறங்கியபோது உள்நாட்டு வரத்து தொடங்கிவிட்டதால் மாநிலங்கள் வாங்கத் தயங்கின. தடை விலகியது 2020 மார்ச்சில்.

வாங்குவோரைக் காக்க இரண்டு வாரங்களில் இரண்டு உத்தரவுகள் பிறந்தன. பயிர் அழுகியவரின் வழி அவ்வளவு விரைவானதல்ல. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் காயவைத்த பயிருக்கு 14 நாள்கள் வரை காப்பு உண்டு. புயல், புயல் சார்ந்த மழை, பருவம் தவறிய மழை ஆகியவற்றால் சேதம் நேர்ந்திருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். வெள்ளம் சூழ்ந்த கிராமத்தில் 72 மணி நேரம் எப்படிக் கழியும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பருவம் தவறிய மழை என்ற சொல்லிலேயே வில்லங்கம் இருக்கிறது. செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம் என்பதுதான் வானிலைத் துறையின் வரையறை. அப்படியானால் செப்டம்பர் 28-ல் அறுத்த சோயாவை அழுகவைத்த மழை பருவம் தவறியதா, பருவத்துக்கு உரியதா? விவசாயிக்கு அது அறுவடையைக் கெடுத்த மழை. நாட்காட்டிக்கோ அது பருவமழை.

அந்த மழையால் நன்மையே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. அணைகள் நிரம்பின, மண்ணில் ஈரம் தங்கியது. ராபி பருவம் செழித்து, 2019-20-ல் உணவு தானிய உற்பத்தி அதுவரை இல்லாத அளவாக ஏறத்தாழ 29.7 கோடி டன்னை எட்டியது. காரீப்பில் இழந்தவரும் ராபியில் பெற்றவரும் ஒருவரே அல்ல என்பதுதான் இதில் உள்ள இடர்ப்பாடு.

தேதி மாறியது, மற்றவை?

வானிலைத் துறை தனது பங்குக்கு 2020-ல் அட்டவணையைத் திருத்தியது. பழைய தேதிகள் 1901 முதல் 1940 வரையிலான பதிவுகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. புதிய அட்டவணைப்படி மேற்கு ராஜஸ்தானில் மழை பின்வாங்கத் தொடங்கும் நாள் செப்டம்பர் 17. நாடு முழுவதிலிருந்தும் விலகும் நாள் அக்டோபர் 15. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வரும் வாரங்களுக்கான நீண்ட முன்கணிப்பும் வெளியாகிறது. அணைகளின் நீர் விடுவிப்பு விதிகளை இந்தக் கணிப்போடு இணைப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. மாநிலங்கள் கூடி ஒப்புக்கொள்ளும் நேரமே தேவை.

2021-ல் ஆகஸ்ட் மழை 24 சதவீதம் குறைந்தது. செப்டம்பரில் 35 சதவீதம் கூடியது. 2023-ல் 1901-க்குப் பிந்தைய மிக வறண்ட ஆகஸ்டைத் தொடர்ந்து வந்த செப்டம்பரில் மழை 13 சதவீதம் கூடுதலாகப் பெய்தது. நெற்பயிர் நீரில் மூழ்கும் இழப்பைக் காப்பீட்டின் தனிநபர் சேதப் பட்டியலிலிருந்து 2018-ல் நீக்கியிருந்த மத்திய அரசு, 2026 காரீப் பருவம் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் பஞ்சாபின் நெல் வயல்கள் மூழ்கிய பிறகு வந்த அறிவிப்பு அது.

2025-ல் மேற்கு ராஜஸ்தானிலிருந்து மழை பின்வாங்கத் தொடங்கியது செப்டம்பர் 14-ம் தேதி; புதிய அட்டவணைக்கும் மூன்று நாள் முன்னதாக. மழை முடிந்துவருகிறது என்று நினைக்க அது இடம் தந்தது. ஒன்பது நாள் கழித்து, துர்கா பூஜைப் பந்தல்கள் தயாராகிக்கொண்டிருந்த கொல்கத்தா ஒரே இரவு மழையில் மூழ்கியது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தனர். அதே வாரத்தில் மராத்வாடாவின் சோயா வயல்கள், அறுவடைக்கு முன்பாக, மீண்டும் தண்ணீருக்குள் போயின.