வலியைச் சொன்ன பெண்களும் கேட்காத காதுகளும்: 'மெஷ்' விவகாரம் தரும் பாடம்

பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரும் மாதவிடாய் நின்ற பின்னரும் பல பெண்களுக்கு இடுப்பின் அடித்தசைகள் தளர்ந்துவிடுகின்றன. கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழிறங்குகிறது. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. இது அபூர்வமான நோயல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 80 வயதை எட்டுவதற்குள் ஐந்தில் ஒரு பெண் இதற்காகச் சத்திரசிகிச்சைக்கு உள்ளாக நேரிடும் என 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

1990களின் பிற்பகுதியில் இதற்கு எளிய தீர்வாக வந்ததுதான் 'மெஷ்' எனும் பிளாஸ்டிக் வலை. தளர்ந்த உறுப்புகளைத் தாங்க அதனை உள்ளே வைத்தார்கள். சத்திரசிகிச்சைக்கு எடுக்கும் நேரம் குறைவு. விரைவில் வீடு திரும்பலாம். சிறுநீர்க் கசிவுக்காக வலைப்பட்டி வைத்துக்கொண்ட பலர் குணமடைந்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் வேறு பலருக்கு வலை உள்ளே சதையை அரித்தது. தீராத வலி வந்தது; தாம்பத்திய வாழ்வு பாதிக்கப்பட்டது; சிலரால் நடக்கவும் முடியவில்லை. சதையோடு ஒட்டிப்போன வலையை முழுதாக அகற்றுவதும் இலகுவானதல்ல.

கவலைக்குரியது, நடந்தவற்றின் வரிசைதான். ஏற்கனவே சந்தையிலிருந்த பொருட்களை ஒத்திருக்கிறது என்ற அடிப்படையிலேயே இத்தகைய வலைகள் பல அமெரிக்காவில் அனுமதி பெற்றன. யோனிச் சுவர் இறக்கத்துக்கு வலை வைப்பதால் மேலதிக நன்மை உண்டா என்பதைப் பிரித்தானியாவில் 1,300க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆராய்ந்த பெரிய ஆய்வு 2016இல்தான் வெளிவந்தது. நன்மை தென்படவில்லை. வலை வைக்கப்பட்டவர்களில் சுமார் 12 வீதமானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் வலையால் சிக்கல் ஏற்பட்டிருந்தது. யோனி வழியாக இறக்கத்துக்கு வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்க அதிகாரிகள் 2019 ஏப்ரலில் நிறுத்தினர். முதலில் பாவனை, பிறகு ஆதாரம், கடைசியில் தடை.

இடைப்பட்ட காலத்தில் பெண்கள் மௌனமாக இருக்கவில்லை. சீமாட்டி கம்பர்லெஜ் தலைமையிலான பிரித்தானிய மீளாய்வுக் குழு 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை அதைத்தான் சொல்கிறது. பெண்கள் திரும்பத் திரும்ப முறையிட்டார்கள்; 'பெண்களுக்கு இது வழமைதான்' எனத் தட்டிக்கழிக்கப்பட்டார்கள். எத்தனை பேருக்கு வலை வைக்கப்பட்டது என்ற முழுமையான கணக்குக்கூட சுகாதாரத் துறையிடம் இருக்கவில்லை. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

வாய் திறந்த பெண்களுக்கே அந்த நிலை என்றால், வாய் திறக்கவே வெட்கப்படும் எமது பெண்களின் நிலை என்ன? சிறுநீர்க் கசிவு வுழூவோடும் தொழுகையோடும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. விடாத கசிவு உள்ளவருக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருக்கிறது. ஒவ்வொரு பர்ளான தொழுகைக்கும் அதன் நேரம் வந்த பின் வுழூச் செய்து தொழலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். சட்டத்தை அறிவது ஒன்று, சிகிச்சை பெறுவது இன்னொன்று. முன்னதைக் கேட்கவும் கூச்சப்படும் பெண் பின்னதற்கு எப்போது போவாள்?

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை என்பதும் ஆய்வுகள் சொல்லும் செய்திதான். பயிற்றப்பட்டவரின் வழிகாட்டலோடு செய்யும் இடுப்புத்தசைப் பயிற்சி இறக்கத்தின் தொந்தரவைக் குறைக்கிறது என 2014இல் 'லான்செட்' சஞ்சிகையில் வந்த ஆய்வு காட்டியது. சிறுநீர்க் கசிவுக்கும் குறைந்தது மூன்று மாதப் பயிற்சியையே முதலில் முயல வேண்டும் என்கிறது பிரித்தானிய வழிகாட்டி. செலவில்லாத இந்தச் சிகிச்சையை ஆரம்பிக்க, பகுதி மருத்துவ மாதுவிடமோ கிளினிக்கிலோ பேச்செடுத்தால் போதும்.

சத்திரசிகிச்சைதான் தேவை என்று வைத்தியர் சொன்னால், கையொப்பமிடுமுன் கேளுங்கள்: உள்ளே ஏதாவது வைக்கப்படுமா? அதன் பெயர் என்ன? சிக்கல் வந்தால் அகற்ற முடியுமா? வேறு வழி உண்டா? இந்தக் கேள்விகளைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது.

கணவன்மாரும் பிள்ளைகளும் செய்ய வேண்டியது அதைவிடச் சிறியது. உம்மா வலிக்கிறது என்று சொன்னால், 'வயது போனால் அப்படித்தான்' என்று பதில் சொல்லாமல் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள்.