ஜீன் ரிப்போர்ட் ஜாதகம் இல்லீங்க

எங்க நெய்வேலியில் யாருக்குக் கேன்சர் என்றாலும் முதல் கேள்வி, "நிலக்கரியாலயா?" அடுத்தது, "எத்தனை நாள் தாங்கும்?" சிறுநீர்ப்பைக் கேன்சர்னா ஜீன் டெஸ்ட்தான் ரெண்டுக்கும் பதில் சொல்லும்னு நம்புறாங்க. ஓரளவு சொல்லும், அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. பால்கன் கிராமங்களில் சிறுநீரகம் கெட்டு, சிறுநீர்ப் பாதையில் கேன்சரும் வரும். பழுப்பு நிலக்கரிப் படுகைத் தண்ணிதான் காரணம்னு 1990களில் சந்தேகப்பட்டாங்க. 2007ல் கட்டியின் டிபி53 ஜீனில் கிடைச்ச தடம் வேற: கோதுமையோட கலந்த களைச்செடியின் விஷம். நம்ம ஆடுதீண்டாப்பாளைக்குச் சொந்தக்காரச் செடி! இது நெய்வேலிக் கரிக்கு நற்சான்றிதழ் இல்லை. சந்தேகம் வேற, சாட்சி வேற.

ரெண்டாவது கேள்வி. எஃப்ஜிஎஃப்ஆர்3 ஜீன் மாறியிருந்தா பெரும்பாலும் மேலோட்டமான கட்டி. திரும்பத் திரும்ப வரும், ஆழமா இறங்குறது குறைவு. டிபி53 கெட்டிருந்தா முரட்டுத்தனம் அதிகம். ஆனா இதெல்லாம் கூட்டத்துக்கான கணக்கு. உங்க அப்பாவோட நாளை அதில் எண்ண முடியாது. கட்டி தசைக்குள் இறங்கிடுச்சா, எந்த கிரேடு என்பதுதான் இன்னமும் முதல் கணக்கு.

முற்றிய நிலையில் டெஸ்ட் அவசியம்தான். 2019ல் அமெரிக்கா அனுமதிச்ச எர்டாஃபிடினிப், எஃப்ஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவங்களுக்கான மருந்து. ஆரம்பத்திலேயே ஆயுள் பார்க்க டெஸ்ட் எடுக்கிறதை விட, டாக்டர் சொன்ன தேதியில் தவறாம சிஸ்டோஸ்கோபி பண்ணிக்கிறது மேல் என்பது என் கட்சி.

வலியே இல்லாம சிறுநீரில் ரத்தம் வந்தா, 'உடம்புச் சூடு'ன்னு இளநீர் குடிச்சிட்டு உட்காராதீங்க. பீடி, சிகரெட்டையும் விட்டுடுங்க. அதுக்கு எந்த டெஸ்ட்டும் வேணாம்.