நகல் எடுத்தோம், மீட்டுப் பார்த்தோமா?

“கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்சிட்டு டேப் மாத்தவா போற?”

தொழிற்பயிற்சிக்கு எனக்குக் கிடைத்த இடத்தைச் சொன்னதும் என் அறைத்தோழி கேட்ட முதல் கேள்வி இது. மற்ற தோழிகள் கைப்பேசிச் செயலி உருவாக்கவும் செயற்கை நுண்ணறிவு பழகவும் போனார்கள். எனக்கோ கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மொத்த விநியோக நிறுவனத்தின் கணினி அறைதான் வாய்த்தது. கன்சோல் எனப்படும் திரைக்கு முன் அமர்ந்து இயந்திரம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும், இரவில் தரவுகளை நாடாவில் நகலெடுப்பதும் அங்கே என் வேலை. சற்று வெட்கத்தோடுதான் போனேன். அந்த ஆறு மாதங்கள் எனக்குக் கற்றுக் கொடுத்ததை நம் கழக மலரில் பதிவு செய்யாமல் படிப்பை முடிக்க மனம் வரவில்லை. அதனால் இக்கட்டுரை.

அந்த அறையில் இருந்த இயந்திரத்தை எல்லாரும் “ஏஎஸ்/400” என்றே அழைத்தார்கள். ஐபிஎம் நிறுவனம் 1988-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிமுகப்படுத்திய நடுத்தர வணிகக் கணினி அது. அதற்கு முன்பிருந்த சிஸ்டம்/36, சிஸ்டம்/38 என்ற இரண்டின் வாரிசு. 2000-இல் ஐசீரீஸ், 2006-இல் சிஸ்டம் ஐ என்று பெயர் மாறியது. 2008 முதல் ஐபிஎம் ஐ என்ற இயங்குதளமாகப் பவர் வகைக் கணினிகளில் இயங்குகிறது. 2025-இல் அதன் 7.6 பதிப்பு வெளிவந்திருக்கிறது. பெயர் எத்தனை மாறினாலும் பழைய ஊழியர்களின் வாயில் அது ஏஎஸ்/400தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து; எலிப்பொறிக்கு வேலை இல்லை. பார்ப்பதற்கு அருங்காட்சியகப் பொருள் போலத் தெரியும். ஆனால் அதை நம்பித்தான் அந்த நிறுவனத்தின் லாரிகள் காலையில் கிடங்கை விட்டுக் கிளம்பின.

கன்சோல் வேலை சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை அன்று. இயக்குநருக்கென்று ஒரு செய்தி வரிசை உண்டு. அச்சு இயந்திரத்தில் எந்தத் தாளை வைக்க வேண்டும் என்பதிலிருந்து, வட்டில் இடம் 90 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது என்பது வரை எல்லாம் அங்கேதான் வந்து விழும். ஒரு வேலை சிக்கலில் மாட்டிக்கொண்டால், அது பதிலுக்காக அப்படியே காத்து நிற்கும். நிறுத்தலாமா, தொடரலாமா, மீண்டும் முயலலாமா, பொருட்படுத்தாமல் விடலாமா? ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். அந்த ஓர் எழுத்துக்குள்தான் ஆபத்து இருக்கிறது. “இந்த நாடாவில் இன்னும் காலாவதியாகாத கோப்பு இருக்கிறது” என்று இயந்திரம் கேட்கும்போது, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் “பொருட்படுத்தாதே” என்று தட்டிவிட்டால், நேற்றைய நகலின் மேல் இன்றைய நகல் எழுதப்பட்டுவிடும்.

நகலெடுப்பதிலும் முறை உண்டு. ஒவ்வோர் இரவும் அன்றாடத் தரவுகள் நாடாவுக்குப் போகும். மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு முழு நகல் எடுப்போம். சேவ் பட்டியலில் 21-ஆம் தெரிவு அது. அதைத் தொடங்குமுன் எல்லாத் துணை அமைப்புகளையும் நிறுத்த வேண்டும். அப்போது கன்சோலைத் தவிர வேறெந்தத் திரையும் வேலை செய்யாது. முழு நிறுவனமும் உறங்கும் அந்த நேரத்தில், இயங்குதளம், பயனர் விவரங்கள், எல்லா லைப்ரரிகள், கோப்புறைகள் என ஒவ்வொன்றாக நாடாவில் ஏறும். முடிந்ததும் பதிவேட்டில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நாடா எண் எழுதி, “சரி” என்று குறித்துக் கையெழுத்திட வேண்டும்.

அந்தச் “சரி”யைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

பயிற்சியின் நான்காவது மாதத்தில் ஒரு நாள், நிரலர் ஒருவர் சோதனைக்கென்று எழுதிய கட்டளை தவறுதலாக உண்மையான தரவின் மேல் ஓடிவிட்டது. திரும்பி வந்த சரக்குகளுக்கான கணக்கு முழுவதும் அழிந்தது. “கவலை இல்லை, நேற்று ராத்திரி நாடாவிலேருந்து எடுத்துக்கலாம்” என்றார்கள். நானே போய் நாடாவை எடுத்து வந்தேன். அதில் அந்த லைப்ரரியே இல்லை. அதற்கு முந்தைய இரவின் நாடாவிலும் இல்லை.

காரணம் எளிமையானது. இரவு நகலெடுக்கும் நிரலில் லைப்ரரிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருந்தன. நான் வருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன் திரும்பி வந்த சரக்குக் கணக்குக்கென்று புதிய லைப்ரரி ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். அதை அந்தப் பட்டியலில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. கணினி அறைக்கும் யாரும் சொல்லவில்லை. மாத நகலில் மட்டும் அது இருந்தது, ஏனென்றால் அது எல்லாவற்றையும் எடுத்துவிடும். ஆகவே கடைசி மாத நகலுக்குப் பிந்திய 23 நாள் கணக்கு போயிற்று. பற்றுச்சீட்டுகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து, மூன்று குமாஸ்தாக்களோடு நானும் உட்கார்ந்து மறுபடியும் தட்டச்சு செய்தேன். சில சீட்டுகள் கிடைக்கவே இல்லை. அந்த 23 இரவுகளில் ஒன்பது இரவுகளுக்குப் பதிவேட்டில் “சரி” என்று எழுதியது நான்.

“மெஷின் சரியாத்தானே முடிஞ்சதுன்னு சொன்னுச்சு, அண்ணே?” என்று கணினி அறையின் மூத்த இயக்குநரிடம் கேட்டேன். இருபது ஆண்டுக்கு மேல் அந்த வேலையில் இருப்பவர் அவர். “கேட்டதை சேவ் பண்ணிட்டேன்னுதான் தங்கச்சி அது சொன்னுச்சு. எல்லாத்தையும் பண்ணிட்டேன்னு எப்ப சொன்னுச்சு?” என்றார். அவர் என்மேல் கோபப்படவில்லை. ஆனால் அடுத்த வாரம் எச்சரிக்கைக் கடிதம் வந்தது அவருக்குத்தான். கட்டளையை ஓடவிட்ட நிரலருக்கு வரவில்லை. புதிய லைப்ரரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டவர்களுக்கும் வரவில்லை. புதிய திட்டங்களைப் பேசிய எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாத மனிதர், அந்தக் கூட்டங்களில் நடந்த தவற்றுக்குப் பதில் சொன்னார்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நாம் இரண்டு தவறுகள் செய்கிறோம். ஒன்று, நகலெடுத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்புவது. மீட்டுப் பார்க்காத நகல் வெறும் நம்பிக்கைதான். மற்றொன்று, காப்பவர்களைத் தாழ்வாக நினைப்பது. புதிதாக உருவாக்குபவனுக்கு மாலை போடுகிறோம். உருவானதைக் கட்டிக் காப்பவனை “ஆப்பரேட்டர்தானே” என்கிறோம். ஒழுங்காக நடக்கும் வரையில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தவறு நடந்த அன்றுதான் தெரியும். இரண்டு தவறுகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அந்த அண்ணனை ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தால், “புது லைப்ரரி பேர் என்ன?” என்று அவரே கேட்டிருப்பார்.

“இதெல்லாம் பழைய காலத்துக் கதை. இப்போது எல்லாம் மேகக் கணிமையில் இருக்கிறது, நாடா எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி அரசாங்கத் தரவு மையம் ஒன்றில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த மேகச் சேமிப்பகம் அழிந்தது. 858 டெராபைட் தரவு. வேறிடத்தில் நகல் இல்லை. 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான கணினியில் கட்டளையிட்டுத் தரவுத்தளத்தை அழித்தார். நகலெடுக்க அவர்களிடம் பல வழிகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் அவை ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; பட்டியலில் மட்டும் இருக்கும் நகலும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால், அதோடு இணைந்த மேகத்திலும் அது அழிகிறது. அதற்குப் பெயர் ஒத்திசைவு. அதைக் காப்புநகல் என்று நாம் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கணினித் துறையில் 3-2-1 என்றொரு விதி சொல்வார்கள். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். இதைப் பாடத்தில் படித்தபோது எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் நகலெடுத்து, ஒரு கட்டு பெரியம்மா வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். “பத்திரம் இல்லாம நம்ம ஆளுங்க எத்தனை பேரு அலையறாங்கன்னு பாக்கல?” என்பார். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீமூடா வெள்ளத்தில் மூழ்கியபோது எங்கள் வீட்டுத் தரைத்தளமும் மூழ்கியது. அலமாரியில் இருந்த தாள்கள் கூழாயின. பெரியம்மா வீட்டுக் கட்டை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பத்திரமாக மறுபடியும் எடுத்தோம். புகுமுக வகுப்பில் மலாய் மொழியோடு நான் திணறியபோது என்னோடு திணறிய அம்மாவுக்கு, பொறியாளர்கள் பெயர் வைத்துப் பேசும் விதி யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

நம் இனத்துக்கும் இது தெரியாததன்று. ஓலைச்சுவடி நெடுங்காலம் தாங்காது என்பதால், தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்தார்கள். எங்கோ ஒரு வீட்டில் ஒரு படி மிஞ்சியிருந்ததால்தான் உ.வே.சாமிநாதையரால் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவர முடிந்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு சுவடிகளும் சாம்பலாயின. வேறு படி இல்லாதவை திரும்பவே இல்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வருவது அந்த வலியை அறிந்த ஒரு சமூகத்தின் செயல்.

சரி, நாம் என்ன செய்திருக்கிறோம்? சென்ற ஆண்டு மலர்க்குழுவில் இருந்தபோது, நம் பழைய மலர்களின் பொருளடக்கத்தைத் தொகுக்கச் சொன்னார்கள். சில ஆண்டு மலர்கள் கழக அறையில் இல்லை. ஒரு மலரின் மின்கோப்பு மூத்த மாணவர் ஒருவரின் மடிக்கணினியோடு போய்விட்டது. இன்னொன்று குறுந்தட்டில் கிடைத்தது; திறந்தால் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது. நகல் இருந்தது, படிக்க முடியவில்லை. மேடைதோறும் தமிழைக் காப்போம் என்று முழங்கும் நாம், நாமே எழுதிய தமிழைக் காக்கவில்லை.

எனவே என் வேண்டுகோள் இது. கழகச் செயலவையில் ஆவணக் காப்பாளர் என்று ஒரு பொறுப்பை உருவாக்குவோம். “வேறு பதவி கிடைக்காதவருக்கு” என்றில்லாமல், செயலாளருக்கு நிகரான மதிப்போடு அதைக் கொடுப்போம். ஒவ்வொரு மலரின் கோப்பும் கழகத்தில் ஒன்று, பல்கலைக்கழக நூலகத்தில் ஒன்று, முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டில் ஒன்று என்று இருக்கட்டும். பொறுப்பு கைமாறும் நாளில், புதிய செயலவையினர் முன்னிலையில் ஏதேனும் ஒரு பழைய மலரைத் திறந்து ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டட்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். வாசகர்களாகிய முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் பழைய மலர் இருந்தால் தயவு செய்து தூக்கி எறியாதீர்கள். ஒருவேளை மிஞ்சியிருக்கும் ஒரே படி அதுவாக இருக்கலாம்.

அந்த நிறுவனத்தில் பிறகு நிரலை மாற்றினார்கள். பெயர்ப்பட்டியலை நீக்கிவிட்டுப் பயனர் லைப்ரரிகள் அனைத்தையும் எடுக்கும்படி செய்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாவிலிருந்து ஒரு லைப்ரரியை வேறு பெயரில் மீட்டுப் பார்ப்பதென்றும் முடிவானது. முதல் சோதனை என் பயிற்சியின் கடைசி வாரத்தில் நடந்தது. மீட்டெடுத்த கோப்பைத் திறந்து, பற்றுச்சீட்டு ஒன்றை அண்ணன் கையில் கொடுத்து, எண்ணை ஒப்பிடச் சொன்னேன். இரண்டு முறை பார்த்தார். பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளி, “இப்ப எழுதுங்க” என்றார்.

எழுதினேன்: “சரி.”