கோட்டையை விடுங்க, அந்தச் சுவரைப் பாருங்க

ஆன்சைட் முடிச்சுட்டு வந்த நண்பன் போன வாரம் லேப்டாப்பைத் திறந்து வேல்ஸ் படமா காட்டித் தள்ளினான். கார்னார்வன், கான்வி, ஹார்லெக், பியூமாரிஸ்... எல்லாம் கோட்டை. "வெல்ஷ்காரன் என்னமா கட்டியிருக்கான் பாரு மச்சி"ன்னான். எனக்கு அங்கதான் சுர்ருன்னு ஏறிச்சு.

வெல்ஷ்காரனுக்காகக் கட்டினது இல்லீங்க அது, அவனை அடக்கக் கட்டினது. 1282-ல வேல்ஸ் இளவரசர் லெவெலின் கொல்லப்பட்டார். ஜெயிச்ச இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட், தோத்த சனம் மறுபடி எழுந்துடக் கூடாதுன்னு எழுப்பின கோட்டைகள் இவை. 1986-ல யுனெஸ்கோ இந்த நாலையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிடுச்சு. அழகுதான், மறுக்கலை. ஆனா வேல்ஸ் அறிமுகம்னாலே முதல் படம் கோட்டைதான்னா உறுத்துது. பூட்டைக் காட்டி, இதுதான் வீடுங்கற மாதிரி.

என்னைக் கேட்டா ஒரு குட்டிச்சுவரைப் போடுவேன். அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே, ரோட்டோரம் ஒரு பாழடைஞ்ச வீட்டோட மிச்சம். சிவப்புல வெள்ளையா ரெண்டே வார்த்தை. ட்ரவெரினை மறக்காதீங்கன்னு அர்த்தம். 1960-கள்ல முதல்ல எழுதினப்போ அதுல இலக்கணப் பிழை வேற! வெல்ஷ்ல அந்த இடத்துல பேரோட முதலெழுத்து திரியணும், திரியலை. பின்னாடி திருத்தினாங்க. ஒற்றுப்பிழைக்கு பின்னூட்டத்துல சண்டை போடற நமக்கு இது புரியும் :-)

ட்ரவெரின் ஒரு ஆறு. அந்தப் பள்ளத்தாக்குல காப்பெல் கெலின்னு ஒரு கிராமம், வெல்ஷ்லயே வாழ்ந்த ஊர். லிவர்ப்பூல் மாநகராட்சிக்குத் தண்ணி தேவைப்பட்டுச்சு. வேல்ஸ் உள்ளாட்சிகள்கிட்ட அனுமதி கேட்காம நேரா பாராளுமன்றத்துக்குப் போய் 1957-ல சட்டமே வாங்கிட்டாங்க. வேல்ஸ் எம்.பி.க்கள் 36 பேர். ஒருத்தர் கூட ஆதரிச்சு ஓட்டு போடலை. ஆனாலும் நிறைவேறிச்சு. 1965-ல பள்ளிக்கூடம், தபாலாபீஸ், தேவாலயம், கல்லறை எல்லாம் தண்ணிக்குள்ள.

"ஊருக்குத் தண்ணி வேணாமாடா?"ன்னான் நண்பன். வேணும்தான். ஆனா மூழ்கப்போறவன் சொல்றதுக்கு ஒரு மதிப்பும் இல்லைன்னா, அதுக்குப் பேரு வேற. லிவர்ப்பூல் மாநகராட்சியே 2005-ல மன்னிப்பு கேட்டுச்சு. நாப்பது வருஷம் கழிச்சு!

இந்தக் கோபம் வீணாப் போகலை. மொழிப் போராட்டம் சூடானதுல ட்ரவெரினுக்குப் பெரிய பங்கு உண்டு. 1967-ல வெல்ஷ் மொழிச் சட்டம், 1982-ல வெல்ஷ் டிவி சேனல், 1999-ல தனி சட்டமன்றம். 2021 கணக்கெடுப்புல வெல்ஷ் பேசறவங்க 17.8 சதவீதம்தான், அதுவும் முந்தின தடவையை விடக் கம்மி. 2050-க்குள்ள பத்து லட்சம் பேராக்கணும்னு அரசாங்கம் இலக்கு வச்சிருக்கு. முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். ஆனா 2019-ல யாரோ அந்தச் சுவரை இடிச்சப்போ, உடனே சனங்களே போய் கல்லெடுத்து அடுக்கிட்டாங்க. அதே ரெண்டு வார்த்தையை வேல்ஸ் முழுக்க கண்ட சுவர்ல எல்லாம் எழுதினாங்க.

நண்பன் அந்த ரோட்டுல கார்ல போயிருக்கானாம். ஏதோ கட்சி விளம்பரம்னு நினைச்சு போட்டோ எடுக்கலையாம்.