செட்டியாரம்மாவின் மூக்கு

நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். படி கட்டுகிற அன்றைக்கு இறக்கினால், உடைந்ததைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு மாதம் கையில் இருந்தால் ஒட்டலாம், காயவைக்கலாம், வர்ணம் தொடலாம். ஆனாலும் பெட்டியைத் திறக்கும்போது இத்தனை வருஷமாகியும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். யாருக்குக் கை போச்சோ, யாருக்குக் கிரீடம் போச்சோ!

பழைய கொலு பொம்மைகளை வீட்டிலேயே சரிசெய்வது பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் பெண், "அம்மா, முதல்லே செட்டியாரம்மா கதையை எழுது" என்று சிரித்தாள். நியாயம்தான். நான் கற்றுக்கொண்டதே ஒன்றைக் கெடுத்த பிறகுதானே!

என் மாமியார் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த செட்டியார் ஜோடி அது. 1950-களில் அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருடைய அப்பா பண்ருட்டியிலிருந்து வாங்கிவந்தாராம். சுட்ட மண் பொம்மை. செட்டியாருக்குத் தொந்தி, செட்டியாரம்மாவுக்குப் பாம்படம். முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் வைத்துக் கடை பரப்புவோம். 2001-ல் எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் கொலு. பெட்டியைத் திறந்தால் செட்டியாரம்மாவின் மூக்கு நுனி உடைந்திருந்தது, கன்னத்தில் கொஞ்சம் வர்ணம் உதிர்ந்திருந்தது. புது மருமகள், நல்ல பெயர் வாங்க வேண்டாமா? கேட்டுக்கு அடித்து மீந்த எனாமல் பெயிண்ட் டப்பாவை எடுத்தேன். ராத்திரியோடு ராத்திரியாக மூக்கை ஒட்டி, தலை முதல் கால் வரை அடித்துவிட்டேன். பச்சைப் புடைவை, ரோஸ் முகம், கண் இரண்டும் என் கைவண்ணம். ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது.

காலையில் அத்தை பார்த்தார். "பளபளன்னு இருக்கேம்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் நான் கூடத்துக்கு வந்தபோது பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, புடைவைக் கரையில் ஓர் ஓரமாக நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எடுத்துப் படியில் வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

பிறகு ஒரு வருஷம் பொம்மை வாங்கப் போன இடத்தில், வயதான பொம்மைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மூக்குதானேம்மா போச்சு? முகத்தை ஏன் மாத்தினீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு வருஷமும் பெட்டியைத் திறக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். உடைந்த இடத்தை மட்டும் தொட வேண்டும். மிச்சம் இருப்பது எத்தனை மங்கலாக இருந்தாலும், அது அந்தக் காலத்துக் கை போட்ட வர்ணம். மேலே அடித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

முதலில் பொம்மை எதனால் ஆனது என்று பாருங்கள். உடைந்த இடம் செங்கல் நிறமாக இருந்தால் சுட்ட மண். வெள்ளை வெளேரென்றிருந்தால் பாரிஸ் பிளாஸ்டர். கையில் எடுத்தால் கனமே இல்லையென்றால் காகிதக்கூழ். எதுவானாலும் குழாயடியில் காட்டிவிடாதீர்கள்! பழைய பொம்மைகளின் வர்ணம் பெரும்பாலும் தண்ணீரில் கரையக்கூடியது. அழுக்கோடு கண்ணும் புருவமும் சேர்ந்து போய்விடும். மெல்லிய மயிர் ப்ரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டினாலே பாதி அழுக்கு போய்விடும். இன்னும் போகவில்லையென்றால் பஞ்சை நனைத்து ஒட்டப் பிழிந்து, பொம்மையின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓர் ஒற்று ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதோடு விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைக்காரிகள் இதைக் கவனமாகப் படியுங்கள். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் பழைய வர்ணத்தின் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, உதிர்வதைக் கத்தியால் சுரண்டவும் கூடாது. கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொட வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் செய்தித்தாளை விரித்து, முடிந்ததும் அப்படியே மடித்து எறிந்துவிடுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தவழுகிற குழந்தைக்குக் கீழ்ப்படி எட்டும் என்பதால், எங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்த வருஷங்களில் பழைய பொம்மைகள் எல்லாம் மேல்படிக்குப் போய்விடும். சாஸ்திரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை என்று அத்தையே சொன்னார்.

ஒட்டுவதற்கு வருவோம். உடைந்த துண்டு எள்ளத்தனை இருந்தாலும் எறியாதீர்கள். ஒரு கவரில் போட்டு, எந்தப் பொம்மையுடையது என்று எழுதி வையுங்கள். ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் ஒரு தடவை பொருத்திப் பாருங்கள். மூன்று துண்டாக உடைந்தால் எதை முதலில் ஒட்டுவது என்பது அப்போதுதான் தெரியும். இல்லாவிட்டால் கடைசித் துண்டு உள்ளே நுழைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பசை என்றால் தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசை போதும். நிமிஷத்தில் ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம். கோணலாக ஒட்டினால் திருத்த முடியாது. இரண்டு ட்யூபிலிருந்து கலக்கும் பசை மண்ணைவிடக் கெட்டியானது. அடுத்த தடவை விழுந்தால் ஒட்டின இடம் நிற்கும், பக்கத்து இடம் உடையும். மைதாப் பசையோ, கரப்பானுக்குப் போடும் விருந்து!

பசையை மெல்லிசாகத் தடவி, அழுத்தி, பிதுங்கி வருவதை உடனே துடைத்துவிடுங்கள். பிறகுதான் சூட்சுமம். ஒட்டின கையைப் பிடித்துக்கொண்டு யார் ராத்திரி முழுக்க உட்காருவது? ஓர் அகலமான பாத்திரத்தில் காய்ந்த மணலைக் கொட்டி, பொம்மையைத் துணியில் சுற்றி அதில் சாய்த்துப் புதைத்துவிடுங்கள். ஒட்டின துண்டு தன் கனத்தாலேயே இணைப்பின் மேல் உட்கார்ந்திருக்கும்படி சாய்க்க வேண்டும். ஒரு முழு நாள் அதைத் தொடாதீர்கள். மணல் இல்லையென்றால் அரிசியும் சரிதான். ஆனால் அந்த அரிசி பிறகு உலைக்கு ஆகாது.

துண்டே தொலைந்துபோயிருந்தால் பூச்சு வைக்க வேண்டும். சாக்கட்டியை இடித்து, பழைய மல் துணியில் சலித்து, வெள்ளைப் பசை விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். ஒரே தடவையில் அப்பினால் காயும்போது வெடிக்கும். மெல்லிசாக ஒன்று, அது காய்ந்த பின் இன்னொன்று. ஈர விரலால் வழித்துவிட்டால் உப்புத்தாளே வேண்டாம். வர்ணம் பூச்சின் மேல் மட்டும். போஸ்டர் கலர் போதும், எனாமல் கிட்டே வரக்கூடாது. நிறம் காய்ந்தால் மாறும் என்பதால் காகிதத்தில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டு, பொம்மையோடு ஒட்டிப் பாருங்கள். புது நிறம் எப்போதும் பளிச்சென்று தெரியும். துளி பழுப்பு கலந்தால் அடங்கிவிடும். மேலே வார்னிஷ் வேண்டாம், நாளாக ஆக மஞ்சளாகும்.

மரப்பாச்சிக்கு வைத்தியம் வேறு. நல்ல பழைய மரப்பாச்சி செஞ்சந்தன மரத்தில் செய்தது. கடப்பை, சித்தூர்ப் பக்கத்து மலைகளில் வளரும் இந்த மரத்துக்கு இன்று கடுமையான கட்டுப்பாடு இருப்பதால், பாட்டி கொடுத்த ஜோடி உங்களிடம் இருந்தால் பத்திரம்! மரப்பாச்சியை ஊறவைக்கக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். மயிரிழை வெடிப்பில் பசையை அடைக்காதீர்கள். மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். உடுத்தியிருக்கும் புடைவையில் குண்டூசி இருந்தால் எடுத்துவிட்டு இரண்டு தையல் போடுங்கள். துருக்கறை மரத்தில் ஏறினால் போகாது. சின்னச் சின்னத் துளையும் அடியில் மாவு போன்ற பொடியும் தெரிந்தால் பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். வர்ணம் பூசாத மரப்பாச்சியாக இருந்தால் இரண்டு பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி ஃபிரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிட வேண்டும். இதை என் பெண் சொன்னபோது நான் நம்பவில்லை. மீன்காரி வீட்டு ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிறதே என்று அத்தை முணுமுணுத்தார். பொடி நின்றுவிட்டது.

எடுத்துவைக்கும்போது பழைய வேஷ்டித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை வர்ணத்தில் ஒட்டும், பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் கோர்க்கும்.

போன கொலுவுக்கு முன்னால் செட்டியாரின் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. ஒட்டி, பூசி, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு நிறம் சேர்த்தேன். அத்தைக்கு இப்போது பார்வை மங்கல். பொம்மையை வாங்கி இரண்டு கையையும் விரலால் மெதுவாகத் தடவினார். "எந்தக் கைம்மா உடைஞ்சது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டேன். கண் கலங்கினதை அவர் பார்த்திருக்க முடியாது, ஆனாலும்.

செட்டியாரம்மா மட்டும் அப்படியேதான் இருக்கிறாள். எனாமலைத் தின்னர் போட்டு எடுக்கலாமா என்று பொம்மைக்காரரிடம் கேட்டேன். அடியிலிருக்கும் பழைய வர்ணமும் அதோடு வந்துவிடும், விட்டுவிடுங்கள் என்றார். அதனால் வருஷா வருஷம் பச்சைப் புடைவையும் மாறுகண்ணுமாகச் செட்டியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சுண்டலுக்கு வரும் குழந்தைகள் பார்த்துச் சிரிக்கும். மூக்கை மட்டும் சொல்லத்தான் வேண்டும், நன்றாகவே ஒட்டியிருக்கிறேன்.