ஸ்பீக்கர் பெட்டி பாடக்கூடாது

ஆவடியைச் சுத்தி இருந்த வயல் பலதும் மனையாகிப் போச்சு. வாரத்துக்கு ஒரு கிரகப்பிரவேசம். புது வீட்டு ஹாலுக்குள்ள போனா டிவி பக்கத்துல ஹோம் தியேட்டர். "கைய வச்சுப் பாருங்கண்ணே, பெட்டியே அதிருது"ன்னு பெருமையாச் சொல்றாங்க. என்னைக் கேட்டா அது பெருமை இல்லை, குறை.

தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலா மரத்தைத் தேடிப் போறாங்க. தந்தியோட அதிர்வை வாங்கி அந்தக் குடமும் சேர்ந்து பாடணும். ஸ்பீக்கர் பெட்டிக்கு அந்த வேலை இல்லை. வீணைக் குடத்தோட நாதம் ஏற்கெனவே பதிவுக்குள்ள இருக்கு. அதை உள்ளபடி கொடுக்க வேண்டியது ஸ்பீக்கர் கூம்பு. பெட்டி வாயை மூடிக்கிட்டு நிக்கணும்.

கூம்பு முன்னால போகும்போது அதே விசை பெட்டியைப் பின்னால தள்ளுது. உள்ள அடைபட்ட காத்தும் பலகையை நெட்டுது. மெல்லிசான பலகை, தன்னோட சுருதி வந்ததும் தானும் பாட ஆரம்பிச்சிடும். கூம்பு நின்ன பிறகும் உடனே நிக்காது. பெரும்பாலும் இது சில நூறு ஹெர்ட்ஸ்ல வரும். மனுசன் பேச்சும் அந்த இடத்துல இருக்கு. "சத்தம் வருது, என்ன பேசுறாங்கன்னு தெரியலையே"ன்னு வீட்டுப் பெரியவங்க சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். நாம அவங்க காதைக் குறை சொல்லிட்டு வால்யூமைக் கூட்டுறோம்.

பாட்டுக்கு நெஞ்சு அதிர வேண்டாமான்னு பசங்க கேப்பாங்க. தாராளமா அதிரட்டும். அது கூம்பு தள்ளுற காத்து. பலகை போடுற கூச்சல் வேற.

கனமான பலகை மட்டுமே வழின்னும் இல்லை. 1970களில் பிபிசி வடிவமைச்ச எல்எஸ் 3/5ஏ பெட்டிக்கு மெல்லிசான பிர்ச் பிளைவுட்தான். உள்பக்கம் தார்ப்பட்டை ஒட்டி அதிர்வை அடக்கினாங்க. நம்ம ஆசாரிகிட்ட பெட்டி செய்யச் சொன்னா, எதிரெதிர் பலகையை இணைச்சு உள்ள ஒரு குறுக்குக்கட்டை கொடுக்கச் சொல்லுங்க. கட்டை நட்டநடுவுல வேண்டாம், கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட் போனா எத்தனை வாட்டுன்னுதான் கேக்குறோம். முதல்ல பலாப்பழத்தைத் தட்டிப் பாக்குற மாதிரி பெட்டியை விரல் முட்டியால தட்டுங்க. 'டொம்ம்ம்'னு இழுத்தா வச்சிட்டு வந்துடுங்க. 'டக்'குன்னு நின்னா விலை பேசுங்க.